மாட்டைப் பற்றி நர்ஸ் ஏன் கேட்க வேண்டும்? விலங்குவழி நோய்களும் சுகாதாரப் பணியாளர் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆஷா பணியாளர், கால்நடை ஆய்வாளர் என்று பல தரப்பினரும் உட்காரும் பயிற்சி வகுப்புகளில் விலங்குவழி நோய்களைப் பற்றிப் பேசி வருகிறேன். வகுப்பில் கை தூக்கிக் கேட்பதைவிட, டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பதுதான் நல்ல கேள்வியாக இருக்கும். அப்படி வந்தவை இவை. மருந்து, அளவு பற்றி இங்கே சொல்லியிருப்பது பணியாளர்கள் விளங்கிக்கொள்வதற்காக. மருந்து எழுதுவது மருத்துவ அலுவலரின் வேலை.

விலங்குவழி நோய் என்றால் எது எது?

முதுகெலும்புள்ள விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையே இயல்பாகப் பரவக்கூடியவை எல்லாம். ரேபிஸ், எலிக்காய்ச்சல், அடைப்பான், மாட்டுக்குக் கருச்சிதைவு தரும் கன்று வீச்சு நோய், உண்ணிக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல், நிபா என்று பட்டியல் நீளும். மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் பாதிக்கு மேல் விலங்குகளோடு தொடர்புள்ளவை.

இதை டாக்டர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? கீழே வேலை செய்கிறவர்களுக்கு எதற்குப் பயிற்சி?

டாக்டரிடம் நோயாளி வரும்போது காய்ச்சல் மட்டும்தான் வருகிறது. தொழுவம், வயல், செத்துப்போன ஆடு, வீட்டுக் கூரையில் ஓடும் எலி எல்லாம் வீட்டிலேயே இருந்துவிடும். அவற்றைப் பார்ப்பவர் வீடு வீடாகப் போகிறவர்தான்.

வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் கதை மலேசியாவினுடையது. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக்காய்ச்சல் வந்து விழுந்தார்கள். பன்றியும் கொசுவும் இருக்கும் இடம் என்பதால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எடுத்துக்கொண்டார்கள். கொசு மருந்து அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் பரவியது.

மூன்று விஷயங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் உழைக்கும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்றிகளே உரக்க இருமி நோயில் கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் வளர்ந்த பன்றி அப்படி ஆவதில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிபாவின் பெயரே வைரஸுக்கு வந்தது. மலேசியாவில் மொத்தம் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே அது அடங்கியது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போனால் ஆடு மாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்பீர்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் அமைதிதான். பயிற்சியே அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்பது என் கட்சி.

எத்தனை நோய்களைப் பற்றிச் சொல்லித் தருவீர்கள்? எல்லா கிருமிப் பெயரும் தெரிய வேண்டுமா?

வேண்டாம். ஐந்தாறு போதும்: ரேபிஸ், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், அடைப்பான், கன்று வீச்சு. மலையடிவாரம் என்றால் குரங்குக் காய்ச்சலும், கேரள எல்லை என்றால் நிபாவும் சேரும்.

கிருமிப் பெயரைவிட ஊர்ப் பெயரில்தான் குழப்பம். "அடைப்பான்" என்பது ஆந்த்ராக்ஸ், மனிதருக்கு வரும். "தொண்டை அடைப்பான்" வேறு நோய், அது மாட்டோடு போய்விடும். "சப்பை நோய்" என்றால் மாட்டின் தொடை வீங்கும், அதுவும் மனிதருக்கு வராது. வீட்டுக்காரர் மூன்றையும் "அடைப்பு வந்து செத்துடுச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். எந்த அடைப்பு என்று தீர்மானிப்பது கால்நடை மருத்துவரின் வேலை. அந்த வரி அவர் காதுக்குப் போய்ச் சேரும்படி செய்வது உங்கள் வேலை.

மாட்டுக்குக் கோமாரி. வீட்டுக் குழந்தைக்கு வாயிலும் கையிலும் கொப்புளம். மாட்டிடமிருந்து வந்ததா?

இல்லை. இரண்டும் வாய், கால் என்று பேச்சு வருவதால் வரும் மயக்கம் இது. குழந்தைக்கு வருவது கை, கால், வாய் நோய்; சிலர் தக்காளிக் காய்ச்சல் என்கிறார்கள். அதன் வைரஸ் வேறு, கோமாரியின் வைரஸ் வேறு. மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோயும் மனிதருக்கு ஒட்டாது. எது வராது என்று சொல்லத் தெரிவதும் பயிற்சியில் பாதி. பயந்துபோய் மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாய்க்கடிக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்? இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

தெரிந்ததுதான், செய்வதுதான் இல்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வகுப்பில் ஒருவரைக் குழாயடியில் நிறுத்தி, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கையைக் கழுவச் சொல்வேன். மூன்றாவது நிமிடத்திலேயே "போதுமா சார்?" என்பார். அந்த நீளம் உடம்புக்குத் தெரிந்தால்தான் ஊரில் போய்ச் சொல்ல முடியும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபிப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. வைத்துக்கொண்டு வந்தால் திட்டாமல் கழுவிவிடுங்கள். திட்டினால் அடுத்த முறை மந்திரிக்கிறவரிடம் போவார், உங்களிடம் வர மாட்டார்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியா?

அந்தக் காலம் போய்விட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004 இறுதியில் நின்றது. ஆனால் பயம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்போது கையில்தான் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளிலும் 0.1 மில்லி. நான்கே வருகை. 0 என்பது முதல் ஊசி போடும் நாள், கடித்த நாள் என்று கணக்கு வைக்காதீர்கள்.

தோலுக்குள் போடுவது தனித் திறமை. சரியாகப் போனால் கொசு கடித்ததுபோல ஒரு சின்ன மேடு எழும்பும். எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, வேறு இடத்தில் திரும்பப் போட வேண்டும். ஆரஞ்சுப் பழத்தோலில் பழகச் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், பழத்தில் பத்து முறை குத்துவதைவிட, பழகிய செவிலியர் பக்கத்தில் நின்று அரை நாள் பார்ப்பது மேல்.

ஊசி போட்டாச்சு, அப்புறம் "சீரம்" எதற்கு?

தடுப்பூசி உடம்பை எதிர்ப்புப் பொருள் தயாரிக்க வைக்கிறது. அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் வைரஸைத் தடுக்க, தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, புண்ணில் நக்கியது, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டது எல்லாம் மூன்றாம் வகை. இவர்களுக்கு சீரம் கட்டாயம். ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை, ஊசி மட்டும். நல்ல தோலில் நக்கியது முதல் வகை, கழுவினால் போதும்.

செவிலியர்கள் தயங்கும் இடம் இதுதான். குழந்தையின் முகத்தில் காயம், அதில் ஊசி குத்த வேண்டும், தாய் அழுகிறாள். யாருக்கும் கை வராது. அதனால் வகைப்பாட்டில் மூன்று இரண்டாக எழுதப்படுவதும் உண்டு. இதை வெளிப்படையாகப் பேசாத பயிற்சியால் பயன் இல்லை. காயத்தை உடனே தைப்பதும் தவறு. தைத்தே ஆக வேண்டும் என்றால் சீரம் போட்ட பிறகு, தளர்வாக.

நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?

கூடாது. இன்றே ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயையும் பத்து நாள் கவனிக்கலாம். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். குரங்குக்கும் நரிக்கும் பொருந்தாது. "வீட்டு நாய்தான்", "குட்டிதான்" என்பவை காரணமே அல்ல. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாய்வழி ரேபிஸ் சாவை 2030க்குள் இல்லாமல் செய்வதற்கான தேசிய செயல்திட்டம் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியானது. அதில் பாதி வேலை நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது. ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குப் போட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

வெறிபிடித்த மாட்டின் பாலை ஊரே குடித்துவிட்டது. எல்லோருக்கும் ஊசியா?

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலையில் மாடு செத்திருக்கும். பத்து மணிக்கு நாற்பது பேர் வாசலில் நிற்பார்கள், கோயில் பிரசாதத்தில் அந்தப் பால் கலந்தது என்பார்கள். காய்ச்சிய பாலால் ரேபிஸ் பரவியதற்குச் சான்று இல்லை. அதற்கு ஊசி தேவையில்லை.

ஆனால் அந்த நாற்பது பேரை அனுப்பும் அவசரத்தில், வராத ஒருவரை விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் வந்த மாடு எச்சில் ஒழுக்கும், விழுங்க முடியாமல் தவிக்கும். மாங்கொட்டையோ கிழங்கோ தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து, வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவியிருப்பார். கையில் வைக்கோல் அறுத்த கீறல் இருக்கும். ஊசி வேண்டியது அவருக்கு. பால் குடித்தவர்கள் பயந்து வருவார்கள். கையை விட்டவர் வயலுக்குப் போயிருப்பார். தேடிப் போய்க் கூட்டிவர வேண்டும். மாட்டுக்கு வைத்தியம் பார்த்த கால்நடை ஊழியரையும் கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தப் பரிசோதனை எங்கள் ஊரில் இல்லை.

கண்ணால் பார்த்து. புதர், வரப்பு, காட்டோரம் இங்கெல்லாம் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது இது. ஸ்கிரப் டைபஸ் என்பதும் இதுதான். தமிழ்நாட்டில் மழைக்குப் பின் குளிர்மாதங்களில் அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது.

அது இருக்கும் இடம்தான் பிரச்சினை: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடுப்பு. அதாவது, நாம் பார்க்காத இடங்கள். ஆண் ஆய்வாளர் கேட்கவே கூச்சப்படுவார். ஆகவே பெண் செவிலியர், தனி அறை, முதலில் விளக்கிச் சொல்லி அனுமதி வாங்குவது, இதையெல்லாம் நடித்துப் பார்க்கிறோம். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தீவிரமாகிவிடுவார்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டாக்ஸிசைக்கிளின் என்ற விலை மலிந்த மாத்திரைக்கு இது கேட்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று போகும். தீவிரமான நிலையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்த ஆய்வு 2023ல் காட்டியது. நம் மட்டத்தில் விஷயம் ஒன்றுதான்: ஐந்து நாள் காய்ச்சலை "வைரல்" என்று விட்டுவிடாதீர்கள்.

எலிக்காய்ச்சல் எலி கடித்து வருவதா?

இல்லை. எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் கிருமி வெளியேறும். தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும். காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே போகும். வயல் வேலை செய்பவர், தூய்மைப் பணியாளர், தொழுவம் கூட்டுபவர், வெள்ளத்தில் நடந்தவர் என்று தொழிலைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். காய்ச்சலோடு ஆடுசதையை அழுத்தினால் துடிப்பதும், சீழில்லாமல் கண் சிவப்பதும் குறிகள். மஞ்சள் காமாலை வரும்வரை காத்திருந்தால் தாமதம். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வரலாம், அதை நம்பி அனுப்பிவிடக் கூடாது. வெள்ளக் காலத்தில் தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்கிளின் கொடுப்பது உண்டு. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அது கூடாது.

திடீரென்று மாடு செத்துவிட்டது, மூக்கில் ரத்தம். அறுத்துப் பங்கு போட்டுவிட்டார்கள். இப்போது?

அடைப்பான் என்று சந்தேகியுங்கள். உறையாத கறுத்த ரத்தம் உடல் துவாரங்களில் வழிந்தால் அந்த உடலை அறுக்கவே கூடாது. ஏன் என்பதைச் சொல்லிவிட்டால் மக்கள் கேட்பார்கள்: மூடிய உடலுக்குள் இருக்கும் கிருமி அழுகலில் செத்துவிடும். அறுத்துக் காற்றுப்பட்டால் கடினமான வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதற்குக் காரணம் அதுதான்.

அறுத்தாகிவிட்டது என்றால், சண்டை வேண்டாம். போலீஸ் தோரணையில் போனால் கறி ஒளிந்துகொள்ளும், ஆளும் ஒளிந்துகொள்வார். ஏழை வீட்டில் ஒரு மாடு செத்தால் போவது பல மாத வருமானம். கறியையாவது காசாக்கலாம் என்று நினைப்பதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. தோலுரித்தவர், அறுத்தவர், சமைத்தவர், சாப்பிட்டவர் பெயர்களை எழுதுங்கள். மருத்துவ அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லுங்கள். கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் உடனே வரச் சொல்லுங்கள். ஊரிலுள்ள மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி உண்டு. ராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932லிருந்து இந்த மாதிரித் தடுப்பு மருந்துகளைத்தான் செய்து வருகிறது.

கருச்சிதைந்த மாட்டைக் கையாண்டவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல்?

கன்று வீச்சு நோயை நினையுங்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தாரா, பச்சைப் பால் குடித்தாரா என்று கேளுங்கள். மூட்டுவலி, இரவு வியர்வை என்று மாதக்கணக்கில் அலைவார்கள். பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் தடுப்பூசி போட்டால் மாட்டுக்கு வருவது குறையும், ஆளுக்கு வருவதும் குறையும்.

காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால்கூடச் சொல்ல வேண்டுமா?

வேண்டும். குரங்குக் காய்ச்சல் தெரியவந்ததே அப்படித்தான். 1957ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் முதலில் செத்து விழுந்தவை குரங்குகள்தான். குரங்கு செத்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கி வேறு உடலைத் தேடும். விறகுக்குப் போகிறவர் கால் அங்கே இருக்கும். கிட்டே போகாதீர்கள், கம்பால் புரட்டாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கும் மருத்துவ அலுவலருக்கும் சொல்லுங்கள்.

எங்களுக்கே நோய் வந்தால்?

நேர்மையான கேள்வி. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். அவர் கவனித்த வேளையில் அது நிபா என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பரவலில் இறந்தவர்கள் 17 பேர். அங்கே பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்தது மருத்துவமனைக்குள்தான்.

அதனால், என்ன நோய் என்று தெரிந்தபிறகு முகக்கவசம் போடலாம் என்பது நடக்காத காரியம். காய்ச்சலோடு இருமல் என்றாலே நோயாளிக்கும் உங்களுக்கும் கவசம். கையுறையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் தவறு நடக்கும். கையுறைமேல் குங்குமம் கரைத்துத் தடவிவிட்டுக் கழற்றச் சொல்வோம். மணிக்கட்டிலும், சில சமயம் நெற்றியிலும் சிவப்பு இருக்கும். அரை மணி நேர விளக்கத்தைவிட அந்தச் சிவப்பு அதிகம் பேசும். நாய் பிடிப்பவர், கால்நடை ஊழியர், ரேபிஸ் நோயாளியைக் கவனிப்பவர் எல்லோரும் 0, 7, பின் 21 அல்லது 28ஆம் நாள் என்று முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்டு வாங்குங்கள். தானாக யாரும் தர மாட்டார்கள்.

கால்நடைத் துறைக்காரர்களை ஏன் அதே வகுப்பில் உட்கார வைக்கிறீர்கள்?

ஒரே ஊரில், ஒரே தெருவில் ஆரம்ப சுகாதார நிலையமும் கால்நடை மருந்தகமும் இருக்கும். இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அறிக்கைகள் வேறு வேறு அலுவலகம் வழியாக மேலே போய், மாவட்டத்தில் எங்கோ சந்தித்தால் உண்டு. 'ஒரே நலம்' (மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பின்னியது) என்று உலக அளவில் பெரிதாகப் பேசுகிறார்கள், நல்லதுதான். கீழே அது ஒரு போன் நம்பர், அவ்வளவுதான். ஒரு வகுப்பில் செவிலியர் ஒருவர், தன் பகுதியில் மூன்று பேருக்கு எலிக்காய்ச்சல் என்றார். பக்கத்து பெஞ்சிலிருந்த கால்நடை ஆய்வாளர், அதே தெருவில் போன மாதம் இரண்டு மாடுகள் கன்று வீசியதைச் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்பது சோதித்த பிறகு தெரியும் விஷயம். ஆனால் இருவரும் அன்றுதான் முதல்முறை பேசினார்கள்.

எத்தனை நாள் பயிற்சி? சான்றிதழ் உண்டா?

களப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் போதும். ஆறு மாதம் கழித்து அரை நாள் திரும்ப வர வேண்டும். அந்த அரை நாள் இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் வீண். நோய்ப்பரவலை ஆராயும் ஆழமான பயிற்சி வேண்டும் என்கிற மருத்துவர்களுக்கு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001 முதல் இரண்டு ஆண்டுக் களப் பயிற்சிப் படிப்பு நடத்துகிறது. சான்றிதழ் உண்டு. கடைசியில் வைக்கும் கொள்குறித் தேர்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர், மறுவாரம் வீட்டுக்குப் போய் மாட்டைப் பற்றிக் கேட்காமல் திரும்பியதை நேரில் பார்த்தேன். இப்போது காய்ச்சல் பதிவேட்டில் தொழில், விலங்குத் தொடர்பு என்ற இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறேன்.

பயிற்சிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் பகுதியின் காய்ச்சல் பதிவேடு, போன், உங்கள் ஊர் கால்நடை மருத்துவரின் எண். எண் இல்லை என்றால் வரும் வழியில் மருந்தகத்தில் நின்று வாங்கி வாருங்கள். காலை 8 மணிக்கு மேல் போனால் சினை ஊசிக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு நடுவில் இருப்பார்.